பூமி யாரையும் தண்டிப்பதில்லை

பேரிடர் வரும்போதெல்லாம் ‘இது தெய்வ தண்டனை’ என்று ஒரு குரல் எழுகிறது. 1934இல் அந்தக் குரல் திருநெல்வேலியில் ஒலித்தது. சொன்னவர் மகாத்மா காந்தி.

1934 ஜனவரி 15, திங்கட்கிழமை. பிற்பகல் இரண்டேகால் மணியளவில் வட பிகாரும் நேபாளமும் குலுங்கின. சுமார் 8 அளவுள்ள நிலநடுக்கம். முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி என்று ஊர் ஊராகக் கட்டடங்கள் சரிந்தன. வயல்கள் வாய் பிளந்தன. பிளவுகளிலிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டு அடித்தன. கிணறுகள் மணலால் தூர்ந்துபோக, உயிர் பிழைத்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் காத்மாண்டு பள்ளத்தாக்கில் பக்தபூரும் பாட்டனும் இடிந்து கிடந்தன. இரு பக்கமும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்த நாட்களில் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு சுற்றிக்கொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய ஹரிஜன யாத்திரை கேரளத்தைக் கடந்து, நாகர்கோவில், கன்னியாகுமரி வழியாக நெல்லைச் சீமைக்குள் நுழைந்திருந்தது. ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது பிகார் மக்களுக்கு உதவும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை. பிகாரின் துயரத்துக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன் என்றார்.

இதைச் சொன்னவர் பதவிக்காக மதத்தைப் பயன்படுத்தியவர் அல்ல. ‘அவர்களுடைய பாவம்’ என்று விரல் நீட்டவும் இல்லை; ‘நம் பாவம்’ என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எதிர்த்ததோ இந்த மண்ணின் ஆகப் பெரிய கொடுமையை. தெய்வ தண்டனை என்ற பேச்சுக்கு இவரைவிட நல்ல மனிதரும் இதைவிட நல்ல நோக்கமும் கிடைக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பேச்சு தவறுதான். ஏன் தவறு என்பதை அப்போதே எடுத்துச் சொன்னவர், காந்தியை மகாத்மா என்று போற்றிய தாகூர்.

தாகூரின் கேள்வி

செய்தித்தாளில் படித்ததும் தாகூர் நேரே அறிக்கை விட்டுவிடவில்லை. காந்தி உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும் வெளியிடும்படி, தன் மறுப்பைக் காந்திக்கே அனுப்பினார். காந்தியும் அதை மறைக்கவில்லை. பிப்ரவரி 16 ‘ஹரிஜன்’ இதழில் அதை அப்படியே வெளியிட்டு, தன் பதிலையும் எழுதினார். நாட்டின் இரு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல் அடிப்படையான ஒரு விஷயத்தில் மோதிக்கொண்ட விவாதம் அது.

தாகூரின் வாதம் நேரானது. இயற்கைப் பேரழிவுக்குக் காரணம் இயற்கைக்குள்தான் இருக்கிறது. மனிதர்களின் அறத்தையும் பூமியின் அசைவையும் முடிச்சுப் போட்டால், குழந்தைகளையும் ஏழைகளையும் கொன்று பாடம் நடத்தும் கடவுளைவிட மனிதனே மேலானவன் என்று ஆகிவிடும். தொழிலாளர்களைப் பிழிந்தெடுக்கும் ஆலைகள் காலாகாலமாக அசையாமல் நிற்கின்றன. கொடுங்கோலர்களின் மாளிகைகளை அவர்கள் செய்த பாவம் சரித்துவிடவில்லை. அதற்கு மேல் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. இந்த ஆயுதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் இன்னும் வாகானது. கோயில்களைத் திறக்கச் சொன்ன காந்தியால்தான் பூமி அதிர்ந்தது என்று சனாதனிகள் சொன்னால், எந்தத் தர்க்கத்தை வைத்து மறுப்பது?

காந்தி தன் நிலையிலிருந்து இறங்கவில்லை. கடவுளின் விதிகள் எல்லாம் நமக்குத் தெரியாது. இந்தத் தொடர்பை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் உள்ளூர உணர்கிறேன். ஒருவேளை என் நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், மனத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்ள அது உதவும் என்றார்.

அந்தக் கடைசி வாதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள, செத்துப்போனவர்கள் பாடமாக வேண்டுமா? வீடு இடிந்து மாண்டவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தார்கள். அவர்கள் அனுபவித்த கொடுமைக்கான தண்டனையிலும் அவர்களே பங்கு வாங்க வேண்டும் என்றால், அது எந்த நீதி?

நேருவும் காந்தியின் பேச்சைப் படித்து அதிர்ந்துபோனார். முங்கேரில் இடிபாடுகளை அகற்ற ஆட்களை ஊக்கப்படுத்துவதற்காக அவரும் தோழர்களும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி நாள் முழுக்கத் தோண்டினார்கள். அவர்கள் வெளியே எடுத்தது ஒரு சிறுமியின் உடல். பின்னாளில் தன் சுயசரிதையில் கேட்டார்: வட பிகார் சட்டமறுப்பில் முன்னணியில் நின்ற பகுதி, அதற்கான தண்டனைதான் இது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னால் என்ன செய்வது?

மண்ணுக்கு அடியில் நடந்தது

இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. இமயமலை உயர்ந்ததே அந்த மோதலில்தான். ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நகர்வு அங்கே அழுத்தமாகச் சேர்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் பாறைகள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன; தாங்க முடியாத ஒரு நாளில் சட்டென்று வழுக்கி நகர்கின்றன. 1934இல் அப்படி நகர்ந்த இடம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே இருந்தது.

அப்படியென்றால் அவ்வளவு தொலைவில், கங்கைக் கரையில் இருந்த முங்கேர் ஏன் தரைமட்டமானது? விடை பாவத்தில் இல்லை, வண்டலில் இருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய தளர்ந்த மண்ணில் அதிர்வு பெருகுகிறது. நீர் நிறைந்த மணல் குலுங்கும்போது திடத்தை இழந்து குழம்பாகிவிடுகிறது. மேலே நிற்கும் கட்டடம் சாய்கிறது. அடியிலிருக்கும் மணலும் நீரும் மேலே பீறிடுகின்றன. வயல்களிலும் கிணறுகளிலும் மக்கள் கண்டது இதைத்தான்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு, நேபாளத்தில் பள்ளம் தோண்டி மண் அடுக்குகளைப் படித்து, 1934இல் பிளந்த அதே இடத்தில் 1255ஆம் ஆண்டிலும் பூமி பிளந்திருந்ததைக் காட்டியது. இடையே 679 ஆண்டுகள். எத்தனையோ தலைமுறைகளின் புண்ணியமும் பாவமும் அந்த அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுத்ததும் ஒருநாள் வரும். அதற்குள் அங்குள்ள பள்ளிகளும் மருத்துவமனைகளும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதுதான் நம் கையில் இருப்பது.

லிஸ்பன் முதல் ஹைட்டி வரை

தெய்வ தண்டனை என்ற பேச்சு ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமல்ல. 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்கள் புனிதர்கள் அனைவரையும் நினைவுகூரும் திருநாள். லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் நிலநடுக்கமும், பின்னாலேயே கடல் அலையும், தீயும் வந்தன. பூசைக்குப் போனவர்கள் மேலேயே தேவாலயக் கூரைகள் விழுந்தன. இயேசு சபைத் துறவி கப்ரியேல் மலக்ரிடா, இதற்கு இயற்கைக் காரணம் தேடுவதே தவறு, காரணம் நம் பாவங்களே என்று நூல் எழுதினார். அமைச்சராக இருந்த பொம்பால் வேறு வழியில் போனார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை வந்தது, கடல் உள்வாங்கியதா என்று ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். அதிர்வைத் தாங்கும் மரச்சட்டங்களைச் சுவருக்குள் வைத்து நகரைத் திரும்பக் கட்டினார்கள். நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கேள்விகள் இன்றும் பேசப்படுகின்றன.

அதே மாதம் அமெரிக்காவின் பாஸ்டனும் அதிர்ந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடித்த இடிதாங்கிகளே காரணமாக இருக்கலாம் என்று அங்கே ஒரு போதகர் எழுதினார். உயிர் காக்கும் கருவியே குற்றவாளியாக்கப்பட்டது.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் 7.0 அளவுள்ள நிலநடுக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட ஹைட்டி மக்கள் சாத்தானோடு உடன்படிக்கை செய்ததன் விளைவு இது என்றார். அடிமைகள் போராடி விடுதலை பெற்றதே பாவக் கணக்கில் ஏறியது. அடுத்த மாதமே சிலியை 8.8 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வெளியான ஆற்றல் ஹைட்டியைவிடச் சில நூறு மடங்கு அதிகம். இறந்தவர்கள் 500க்குச் சற்று மேல். 1960இல் பெரும் நிலநடுக்கத்தில் அடிபட்ட நாடு அது. கட்டட விதிகளைக் கறாராக்கி, அவற்றைக் கடைப்பிடிக்கவும் செய்தது. ஹைட்டியில் அப்படி விதியும் இல்லை, கடைப்பிடிக்கப் பணமும் இல்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் தெஹ்ரானின் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் மதகுரு காஜிம் செதீகி, பெண்கள் ஒழுங்காக உடுத்தாததால் நிலநடுக்கங்கள் பெருகுகின்றன என்றார். ஈரானின் பாம் நகரம் 2003 டிசம்பர் 26 அன்று ஒரே காலையில் 26,000 பேரைப் பறிகொடுத்ததற்குக் காரணம் எளிதில் உதிர்ந்துவிடும் மண்கல் வீடுகள். நம் பக்கத்தில், 2018 கேரள வெள்ளத்துக்குச் சபரிமலையில் பெண்களை அனுமதிப்பது பற்றிய வழக்கைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள், மாட்டிறைச்சியைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள்.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். யார் எதை முன்பே வெறுத்தார்களோ, அதுவே பேரிடருக்குக் காரணமாகிறது. பேரிடர் எந்தப் புதிய உண்மையையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முன்பே எழுதிவைத்த தீர்ப்புக்கு மாண்டவர்கள் சாட்சி ஆக்கப்படுகிறார்கள்.

காப்பாற்றிய சொல்

முன்னோர் சொல் என்றாலே மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் கூடாது. 2004 ஆழிப்பேரலையின்போது சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு சிமெலுவே. மக்கள்தொகை 70,000க்கு மேல். இறந்தவர்கள் 7 பேர். 1907இல் வந்த ஒரு பேரலையைப் பாட்டாகவும் கதையாகவும் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நிலம் பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். அதை ‘ஸ்மோங்’ என்பார்கள். அன்று காலை யாரோ அந்தச் சொல்லைக் கத்த, ஊரே மலையேறியது.

அதுவும் பேரழிவைப் பற்றிய கதைதான். ஆனால் யார் பாவி என்று அது கேட்கவில்லை. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது.

பாவம் எங்கே இருக்கிறது

காந்தி தேடிய தொடர்பு முற்றிலும் பொய்யல்ல. அவர் தேடிய இடம்தான் தவறு. தீண்டாமைக்கும் பேரிடருக்கும் தொடர்பு உண்டு. அது பூமிக்கு அடியில் இல்லை, நிவாரண வரிசையில் இருக்கிறது. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்ச் பகுதியில் சாதிவாரியாக முகாம்கள் பிரிந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், குடிநீர்த் தொட்டியில் கை வைக்கக்கூட விடாமல் தடுக்கப்பட்டதும் ஆவணமாகியிருக்கின்றன. சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஏழைகளைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் சதுப்புநிலத்தை ஒட்டிக் குடியமர்த்தினோம். மழை பெய்தால் அங்கேயும் வெள்ளம். இது மனிதர் செய்த பாவம். இதற்குப் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் உண்டு. ‘கடவுளின் தண்டனை’ என்று சொன்ன மறுநிமிடமே அந்தக் கையெழுத்துகள் மறைந்துபோகின்றன. அனுமதி கொடுத்த அதிகாரியும், கலவையில் சிமென்டைக் குறைத்த ஒப்பந்தக்காரரும், ஏரியை வளைத்தவரும் தப்பிக்க இதைவிட வசதியான வழி வேறில்லை.

பிகாரில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் வரவு செலவைப் பார்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கறாரான மனிதர். நிதி பாதிக்கப்பட்டவர்களுக்கானது என்று, காந்தியுடன் வந்தவர்களின் செலவைக்கூட அதிலிருந்து தர மறுத்தவர். 1934 மார்ச்சில் காந்தியும் பிகாருக்கு வந்து கிராமம் கிராமமாகச் சென்றார். அவருடைய திருநெல்வேலிப் பேச்சைவிட இந்தப் பயணமும் குமரப்பாவின் கணக்கேடும் பிகாருக்குப் பயன்பட்டன.

மதத் தலைவர்களால் பேரிடரில் செய்ய முடிவது நிறைய. ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாத்தார் சுற்றியிருந்த மீனவக் கிராமங்களுக்கு நாள்கணக்கில் சோறாக்கிப் போட்டார்கள். எந்த மதம், என்ன பாவம் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஊரில் உறுதியான கட்டடமும், ஒலிபெருக்கியும், சொன்னால் கேட்கும் கூட்டமும் பல இடங்களில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும்தான் இருக்கின்றன. புயல் எச்சரிக்கையை அங்கிருந்து சொல்லலாம். மண்டபத்தைத் திறந்து விடலாம். நிவாரண வரிசையில் சாதி பார்ப்பவரை மேடையிலிருந்தே கண்டிக்கலாம். தரமில்லாத பள்ளிக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி அரசை நெருக்கலாம்.

இதெல்லாம் செய்தவருக்குத் துயரப்பட்டவர்களிடம் கடவுளைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு. அவரும் ஆறுதலைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் ‘உன் பாவம்’ என்று சொல்லும் உரிமை எந்தப் பீடத்துக்கும் இல்லை. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தாகூர் செய்ததுபோல மரியாதையோடு எழுந்து நின்று மறுப்பது நம் கடமை.