கடிதம் எழுதும் பெண்ணும் தொலைபேசியும்



தொலைக்காட்சியிற் பெயர்பெற்ற தொடரொன்றின் கதையைத் திரைப்படமாகத் தொடர்வது யப்பானியரின் அசையும் சித்திரத் தொழிலில் நெடுநாளைய வழக்கம். அனிமே என வழங்கும் இப்படங்களுட் சில, பழகிய பாத்திரங்களை மறுபடியும் காட்டிக் காசு சேர்ப்பதோடு அமைந்துவிடும். 2020 செப்டெம்பரில் வெளியான 'வயலட் எவர்கார்டன்' திரைப்படம் அத்தகையதன்று. தன் கதாநாயகியின் தொழிலே ஒருநாள் அழிந்துபோகும் என்பதை அது ஒளிக்காமற் சொல்கின்றது.

தொடர் 2018இல் ஒளிபரப்பாயிற்று. சிறுவயதிலேயே போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளையும் இழந்து, உலோகக் கைகள் பொருத்தப்பெற்றவள் வயலட். அவளை ஆதரித்த மேஜர் கில்பேர்ட், பிரியும் வேளையில் தன் அன்பைச் சொன்னான். அன்பு என்ற அச்சொல்லின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை. அதனை அறியவே, பிறருக்காகத் தட்டச்சிற் கடிதம் எழுதும் வேலையில் அவள் சேர்கிறாள்.

அத்தொடரின் பத்தாம் பாகத்தை மறத்தல் அரிது. நோயுற்ற தாயொருத்தி, தான் இறந்தபின் மகள் ஆனுக்குப் பிறந்தநாள்தோறும் ஒன்றாகச் சேரும்படி ஐம்பது கடிதங்களை வயலட்டைக் கொண்டு எழுதுவிக்கிறாள். திரைப்படம் அதிலிருந்தே தொடங்குகின்றது. ஆன் முதுமையெய்தி இறந்துவிட்டாள். அவள் பேர்த்தி டெய்சி அக்கடிதங்களைக் கண்டெடுத்து, எழுதியவளைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் காலத்திற் கடிதம் எழுதிக் கொடுப்போர் என்று எவருமில்லை. (என் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்த கடிதமும் சுகவீன விடுமுறைக் கடிதம் ஒன்றுதான்!)

இப்படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, 2019 யூலை 18ஆம் திகதி, அதனைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கலைக்கூடத்துக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் மாண்டனர். இறந்தோரிடமிருந்து வந்து சேரும் கடிதங்களைப் பற்றிய படத்தை, உயிர் தப்பிய சகபாடிகள் முடித்தார்கள். இதை அறிந்த பின்னர் அதனை வெறும் கதையாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

படத்தில் யூரிஸ் என்றொரு சிறுவன் வருகிறான். ஆஸ்பத்திரியிற் கிடக்கும் அவன், தன் மறைவுக்குப்பின் சேரவேண்டிய கடிதங்களைப் பெற்றோருக்கும் தம்பிக்குமாக எழுதுவிக்கிறான். நண்பன் லூக்கஸுக்கான கடிதம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அவனுக்கு மூச்சு அடங்கும் தறுவாயில் வயலட்டோ தூரத்துத் தீவொன்றில் இருக்கிறாள். இறந்துவிட்டதாக எண்ணிய கில்பேர்ட்டைத் தேடிப் போனவள், புயலினாலே திரும்ப இயலாமல் நிற்கிறாள். (கில்பேர்ட் உயிரோடிருப்பது எனக்கு உவப்பாயில்லை. தொடரிலே அவன் இன்மையன்றோ அவளை மனுஷியாக்கியது? இதிற் கதாசிரியர் சற்று இளகிவிட்டார்.)

அவளுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் தோழி ஐரிஸ். கடிதம் எழுத நேரமில்லை. தங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்ததென்று தான் வெறுத்த தொலைபேசியையே அவள் நாடுகிறாள். லூக்கஸின் குரல் யூரிஸின் காதருகே கேட்கிறது. நண்பர் இருவரும் பேசி முடிக்க, அவன் கண் மூடுகிறான். அந்த யந்திரமும் நல்லதுதான் என்று ஐரிஸ் மனமின்றி ஒப்புக்கொள்கிறாள்.

பல்லாண்டு கழித்து வயலட் வாழ்ந்த தீவை அடையும் டெய்சியோ, தன் தாய்தந்தையருக்கு எழுதவெனத் தாளும் பேனையும் எடுக்கிறாள்.