வானத்திலிருந்து விழுவதற்கும் சொந்தக்காரன் உண்டு

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. முற்பகல் 11.48 மணியளவில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால், இந்து சமுத்திரத்துக்கு மேலே ஒரு பொருள் எரிந்து சிதறியது. அது எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கடலின் மேல் வந்து சேரும் என்பது சில வாரங்களுக்கு முன்பே கணிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் இயங்கும் கற்றலீனா வான் ஆய்வுத் திட்டம் ஒக்டோபர் 3ஆம் திகதி அதைக் கண்டுபிடித்து, டபிள்யூ.ரி.1190எஃப் என்று பெயரிட்டிருந்தது. அது என்ன பொருள் என்பது மட்டும் தெரியவில்லை. இன்னதென்று தெரியாத ஒன்று விண்ணிலிருந்து வருகிறது என்றதும் வேற்றுக்கிரகப் பேச்சும் கிளம்பியது.

விஞ்ஞானிகள் அந்தப் பேச்சுக்குள் இறங்கவில்லை. பாதையை அளந்தார்கள். சூரிய ஒளிக்கு மிக மெல்லிய தள்ளு விசை உண்டு; அந்தத் தள்ளலிலேயே இந்தப் பொருளின் பாதை விலகிக்கொண்டிருந்தது. ஓரிரு மீற்றர் அளவுள்ள பாறை அவ்வளவு விலகாது. கணக்குப் பார்த்தபோது அதன் அடர்த்தி தண்ணீரின் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வந்தது. அதாவது உள்ளே வெறுமையான ஓர் உலோகக் கூடு. 1998இல் சந்திரனுக்குப் போன லூனார் புரொஸ்பெக்டர் விண்கலத்தை உந்திவிட்ட ரொக்கெட் பகுதியாக அது இருக்கலாம் என்பதே பெரும்பாலானோரின் கணிப்பு. மனிதன் செய்து, வேலை முடிந்து, மேலே விட்டுவந்த பொருள்.

விண்வெளிக்குப் போனவர்கள் ஜன்னலுக்கு வெளியே விளங்காதவற்றைப் பார்த்த கதைகள் பல. 1962 பெப்ரவரியில் ஜோன் கிளென், தன் கலத்தைச் சுற்றி மின்மினிகள் போல ஒளித்துகள்கள் மிதப்பதாகச் சொன்னார். அதே ஆண்டு மே மாதம் போன ஸ்கொட் கார்பென்டர் கலத்தின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்டத் துகள்கள் பறந்தன. கலத்தின் வெளிப்புறத்தில் படிந்திருந்த உறைபனிதான் அது. அந்த ஒரு தட்டு எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானப் பரிசோதனைகளில் ஒன்று.

அடுத்த சம்பவம் 2006 செப்டம்பரில் நடந்தது. அட்லாண்டிஸ் விண்ணோடம் தரையிறங்கத் தயாராகும்போது அதன் அருகே ஏதோ ஒன்று மிதந்து போனது கமராவில் தெரிந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர் கொலம்பியா விண்ணோடம் ஏழு பேரோடு சிதறியிருந்தது. ஏவும்போது கழன்று விழுந்த ஒரு நுரைத்துண்டுதான் அதற்குக் காரணம். ஆகவே பூமியில் இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நம்முடையதில் எது கழன்றிருக்கும்?" என்பதுதான். தரையிறக்கத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டு, இயந்திரக் கையின் உதவியோடு கலத்தின் வெப்பக் கவசத்தை ஆராய்ந்தார்கள். வெப்ப ஓடுகளுக்கு இடையில் இருந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று கழன்றிருக்கலாம் என்று முடிவுசெய்து, பாதுகாப்பாக இறக்கினார்கள். மிதந்தது யாருடைய கப்பல் என்று வாதாடிக்கொண்டிருந்தால் அந்தச் சோதனை நடந்திருக்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2012ஆம் ஆண்டின் இறுதியில் மொனராகலை, பொலன்னறுவை மாவட்டங்களின் சில இடங்களில் சிவப்பு மழை பெய்தது. டிசம்பர் 29ஆம் திகதி அரலகன்வில பக்கமாக வானில் ஒரு தீப்பந்து தெரிந்தது. பிறகு கற்கள் பொறுக்கப்பட்டன. அந்தக் கற்களுக்குள் நுண்பாசிகளின் படிமங்கள் இருப்பதாகவும், அவை விண்ணிலிருந்து வந்த உயிர்களின் சான்று என்றும் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க அறிவித்தார். அவை இங்குள்ள நன்னீரில் சாதாரணமாகக் காணப்படும் பாசிகள், அந்தக் கற்கள் விண்கற்கள் என்பதே நிரூபிக்கப்படவில்லை என்று ஏனைய விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அறிவிப்பு உலகமெங்கும் போனது. மறுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை.

தமிழ்நாட்டில், 2016 பெப்ரவரி 6ஆம் திகதி நாட்றம்பள்ளியில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று மாநில முதலமைச்சரே அறிவித்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், அது தரையில் நடந்த வெடிப்பு போலவே தெரிகிறது என்றார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு இந்த இரண்டு விடைகளும் ஒன்றல்ல. விண்கல் என்றால் கேட்பதற்கு ஆளில்லை. வெடிமருந்து என்றால் யார் வைத்தது, ஏன் வைத்தது என்று விசாரணை உண்டு.

இதை ஊவா மலையில் இருந்துகொண்டு நான் எழுதக் காரணம் மீரியபெத்த. ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். பலரின் தாய் தகப்பன் மண்ணுக்குள் போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். எல்லாருடைய உடலும் கிடைக்கவுமில்லை. அது இயற்கையின் சீற்றம் என்று அப்போது மேடைகளில் சொல்லப்பட்டது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இரண்டு எச்சரிக்கைக்கும் பிறகு சனங்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். மண் சரிந்தது மழையால். மண்ணுக்குக் கீழே மனிதர்கள் இருந்தது மழையால் அல்ல.

விளங்காதது என்றோ விதி என்றோ ஒன்றுக்குப் பெயர் வைத்தவுடன் அதன் பொறுப்பாளி தப்பிவிடுகிறான். மலைக்கும் இது பொருந்தும், வானத்துக்கும் பொருந்தும்.

வானத்தின் பொறுப்பாளி யார் என்பதைச் சட்டம் சொல்கிறது. 1972இன் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கையின்படி, விண்ணில் ஏவிய பொருள் தரையில் விழுந்து சேதம் செய்தால், ஏவிய நாடு நட்டஈடு கொடுக்க வேண்டும். அந்த நாட்டின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 1978 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் கொஸ்மோஸ் 954 செய்மதி, அணு உலையோடு கனடாவின் வடக்கில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறவிட்டது. கனடா துண்டு துண்டாகத் தேடி எடுத்து, கணக்கெழுதி, 1981இல் 30 இலட்சம் கனடிய டொலர் வாங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமை கோருவது தனிமனிதன் அல்ல, அரசாங்கம். அதற்கும் சேதம் நடந்ததிலிருந்தோ, ஏவிய நாடு அடையாளம் காணப்பட்டதிலிருந்தோ ஓராண்டுதான் தவணை. துண்டை ஒளித்துவைத்தால், இரும்புக் கடைக்குப் போட்டால், தேவலோகப் பொருள் என்று மஞ்சள் பூசி வைத்தால், சாட்சி போய்விடும்.

இவை எங்கோ நடப்பவை என்று இருந்துவிடவும் முடியாது. 2021 மே 9ஆம் திகதி சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட்டின் பெரும்பகுதி, பல தொன் எடையோடு, மாலைதீவுக்கு அருகே கடலில் விழுந்தது. எங்கே விழும் என்று கடைசி மணித்தியாலங்கள் வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2022 ஏப்ரல் 2ஆம் திகதி மாலை மகாராஷ்டிராவின் வானில் தீக்கோடுகள் ஓடின. சந்திரபூர் மாவட்டத்தின் சிந்தேவாஹி பகுதியில் ஏறத்தாழ மூன்று மீற்றர் விட்டமுள்ள உலோக வளையமும் உருண்டைகளும் கிடந்தன. 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுடையது. அங்கே பொலிஸார் செய்த முதல் வேலை, ஆட்களைத் தூர நிற்கச் சொல்லிக் காவல் போட்டதுதான்.

விழுந்த பொருளிலிருந்து தூர நிற்க ஒரு முக்கிய காரணம் ஹைட்ரசீன். விண்கலங்களில் பயன்படும் எரிபொருள். நிறமில்லாதது, அமோனியா போன்ற வாடை வரும். மூச்சிலும் தோலிலும் ஏறும் நஞ்சு. விழுந்த தாங்கிக்குள் அது மிச்சமிருக்கலாம். கருகிய நார் சுற்றிய ஓர் உருண்டை தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கிடந்தால், அதை முதலில் பார்ப்பவர் கொழுந்தெடுக்கும் பெண்ணாகவோ விறகு பொறுக்கும் பிள்ளையாகவோதான் இருப்பார். உருட்டிப் பார்க்கத்தான் கை போகும்.

தரையில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து இலட்சத்துக்கும் கூடுதல் என்பது ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் மதிப்பீடு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் அவை செக்கனுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. 1983இல் பெயின்ற் செதில் ஒன்று பட்டு சாலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னல் கண்ணாடியில் குழி விழுந்தது. மோதல் துண்டுகளைப் பெருக்கும், துண்டுகள் மேலும் மோதலை உண்டாக்கும் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லரும் பேர்ட்டன் கூர்-பலேயும் 1978இலேயே எழுதிவைத்தார்கள். 2007 ஜனவரி 11ஆம் திகதி சீனா தன் பழைய செய்மதி ஒன்றைத் தானே ஏவுகணையால் உடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய துண்டுகள் பரவின. உடைக்கப்பட்ட ஃபெங்யுன்-1சி ஒரு வானிலைச் செய்மதி. துருவங்களைச் சுற்றும் மற்ற வானிலைச் செய்மதிகள் ஓடும் உயரத்தில்தான் அந்தத் துண்டுகள் இன்றும் ஓடுகின்றன.

நம் மலைக்கு அந்தச் செய்மதிகள் தேவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு என்பது மண்சரிவு எச்சரிக்கையின் படிகள். தரையில் உள்ள மழைமானி பெய்த மழையைச் சொல்லும். வரப்போகும் மழையைச் சொல்ல மேலே கண் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளைப் பிளந்தபோது, சில மணித்தியால முன்னறிவிப்பு எத்தனை பெறுமதியானது என்பதை இந்த நாடு பார்த்தது.

வேறு கிரகங்களில் உயிர் இருக்கக்கூடும். அதைத் தேடுவது நல்ல விஞ்ஞானம், தேடட்டும். ஆனால் தோட்டத்தில் ஒரு பொருள் விழுந்தால் அது மனிதன் செய்ததென்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள். காற்று வரும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். தூரத்திலிருந்தே படமெடுத்து, நேரத்தைக் குறித்து, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த நிலையத்திடமும் ஒரு கோரிக்கை: மண்சரிவு அறிவித்தல் ஒட்டும் ஒவ்வொரு தோட்டக் கந்தோரிலும், பிள்ளை மடுவத்திலும், இந்த நாலு வரிகளையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.