நின்ற இயந்திரம் சொல்லும் செய்தி

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குச் செல்லும் பாதை, புளியங்குளத்திற் கண்டி வீதியைச் சேருகின்றது. 2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்த பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வன்னிக் கிராமங்களின் பெண்கள் பலர் விடியுமுன் எழுந்து அவற்றுக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

அங்கே வரிசையாக நிற்கும் தையல் இயந்திரங்களுள் ஒன்று திடீரென நின்று, அதன் முகப்பிலே ஓர் எச்சரிக்கை எண் மின்னினால், நிற்பது அவ்வோர் இயந்திரம் மட்டுமன்று. ஒருத்தி தோளை மூட்டிக் கொடுத்தால்தான் அடுத்தவள் கையைப் பொருத்தலாம். வரிசை தேங்கும், அன்றைய இலக்குத் தவறும். ஆகவே, எப்படியாவது ஓடவைத்துவிட வேண்டுமென்ற அவசரம் பிறக்கின்றது. சிறு பழுது பெரும் பழுதாவது பெரும்பாலும் அந்த அவசரத்தினாலேயே.

முன்னைய இயந்திரங்களின் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் நாள் முழுதும் சுழன்றுகொண்டேயிருக்கும். இன்றைய சேர்வோ மோட்டார் மிதியை அழுத்தினால் மட்டுமே சுழல்கின்றது; ஊசியை மேலே நிறுத்தென்றால் மேலேயே நிறுத்துகின்றது. அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே 'சேர்வோ' என்பதன் வேர். கப்பற் சுக்கானைத் திருப்பும் நீராவிப் பொறியைப் பற்றி 1873ஆம் ஆண்டில் நூலெழுதிய பிரான்சியப் பொறியியலாளர் பார்க்கோ இப்பெயரை வழங்கினார். ஏவியதைச் செய்யும் ஆள்தான். ஆனால் கண்ணுள்ள ஆள். அச்சு எவ்வளவு சுழன்றது என்பதை 'என்கோடர்' என்னும் உறுப்புக் கணந்தோறும் அறிவிக்கின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதனைக் கட்டளையோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றது. திருத்த இயலாதபோது, அல்லது தனக்கே கேடு வருமெனக் கண்டபோது, மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை நிறுத்தி எண்ணைக் காட்டுகின்றது.

எண்களின் பொருள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். அதற்குக் கைந்நூலைப் பார்க்கவேண்டும். ஆனால் எண் கூறுவது பெட்டி கண்டதையே, காரணத்தையன்று. காரணத்தை அறிய, 'எந்த வேளையில் நின்றது?' என்று கேட்கவேண்டும்.

வேகம் தணியும் வேளையில் மின்னழுத்தம் மிகுந்ததாக எச்சரிக்கை வருகின்றதெனக் கொள்வோம். நமது 230 வோல்ற்று ஆடலோட்டம் பெட்டியினுள் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக மாறிக் கொள்ளளவியிலே தேங்குகின்றது. சுழலும் மோட்டாரைச் சட்டென நிறுத்தும்போது அதன் இயக்கமே மின்னாகித் திரும்பி வருகின்றது. மாரி வெள்ளத்தின்போது குளத்துக்கு வான் எப்படியோ, அப்படியே இந்த மேலதிக மின்னுக்கு வடிகாலாக ஒரு தடையி அமைக்கப்படுவதுண்டு. அது அறுந்திருந்தால் மின்னழுத்தம் எல்லை கடக்கும். இயந்திரம் சும்மா நிற்கும்போதே அதே எண் தோன்றினாற் குற்றம் தடையியில் இல்லை. வரும் மின்சாரத்தை அளந்து பார்க்கவேண்டும்.

சுமை மிகுந்ததென்ற எண்ணுக்கு மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை. மின்னைத் துண்டித்துச் சில்லைக் கையாற் சுழற்றிப் பார்த்தால், அச்சிலே சுற்றிய நூலோ எண்ணெய் வற்றிய பகுதியோ தானே தெரியவரும். பிற்பகல் வெப்பத்தில் மட்டும் நிற்பதாயின், காற்றுத் துளைகளைப் பஞ்சு அடைத்திருக்கலாம். வந்து வந்து மறையும் எச்சரிக்கைக்கு, உராய்ந்த என்கோடர் வடத்தையும் தளர்ந்த செருகியையும் முதலில் ஐயுறலாம்.

ஆளியைப் போட்டவுடனே மின்னோட்டம் மிகுந்ததாக எச்சரிக்கை வருவதே ஆபத்தானது. மின்னைத் துண்டித்து, மோட்டார் வடத்தைப் பெட்டியிலிருந்து பிரித்தபின் மீண்டும் பார்க்கவேண்டும். அப்போதும் எண் வந்தாற் குற்றம் பெட்டியில். வராவிட்டால் வடத்திலோ மோட்டாரிலோ. இந்நிலையில் எண்ணை அழித்து அழித்து ஓட்டினால், ஒவ்வொரு முறையும் பெருமின்னோட்டம் பாய்ந்து, நன்றாயிருந்த உறுப்பும் கருகும்.

இவை பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலைகள். ஆளியை அணைத்த பின்னும் கொள்ளளவியில் உயிரைப் பறிக்கக்கூடிய மின் எஞ்சியிருக்கும். கைந்நூல் ஐந்து நிமிடமென்றால் ஐந்து, பத்தென்றாற் பத்து நிமிடங் காத்திருந்து, அதன் பின்னும் அளந்து பார்த்தே கைவைக்கவேண்டும்.

தைப்பவளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. எண்ணை எழுதிவைக்காமல் அழித்துவிடுவது, சாட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விசாரணை தொடங்குவதற்கு ஒப்பாகும். என்ன எண், எத்தனை மணி, தொடங்கும்போதா நிற்கும்போதா, சற்று முன்னர் மின்சாரம் தடைப்பட்டதா, கருகல் மணம் வந்ததா என்பனவற்றை அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், மெக்கானிக் எந்த மூடியை முதலிலே திறப்பதென்று அறிவான்.