‘டேக்’ என்னும் வினையும் ‘கொள்’ என்னும் வினையும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்குப் பெருஞ்சொற்களைவிடச் சிறுசொற்களே மிகுந்த இடர் விளைவிக்கின்றன. ‘டாலரேட்’ என்பதன் பொருளை அறிந்தவரும், அதே பொருளுடைய ‘புட் அப் வித்’ என்பதைக் கேட்டால் திகைப்பர். வை, மேலே, உடன் என்று தனித்தனியே பொருள் கண்டு கூட்டினாலும் ‘பொறுத்துக்கொள்’ என்னும் பொருள் கிட்டாது. முடிச்சூர், தாம்பரம் பகுதிகளிலிருந்து வந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் பலர், நேர்முகத் தேர்வில் நாவடங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விடர் புதியதன்று. அயல்மொழியாளர்க்குப் பெரும் இடர் தருவது இத்தகைய சொற்கூட்டே என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில் குறித்துள்ளார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் எடுத்தாண்டார்.

‘டேக்’ என்னும் வினையை நோக்குவோம். விமானம் தரையினின்று எழுவது ‘டேக் ஆஃப்’. பள்ளிவாசல் வாயிலில் காலணியைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’. பொறுப்பேற்பது ‘டேக் ஓவர்’. மகன் தந்தையை ஒத்திருப்பது ‘டேக் ஆஃப்டர்’.

இது நமக்கு அந்நியமான முறையா? அன்று. ‘கொள்’ என்னும் வினை உட்கொள், மேற்கொள், எதிர்கொள், கைக்கொள் எனப் பொருள் வேறுபட்டு வரவில்லையா? பயணம் மேற்கொண்டவரை நோக்கி, ‘எதன்மேல் கொண்டீர்?’ என எவரும் வினவுவதில்லை. அரபு மொழியிலும் ‘ரகிப’ என்னும் வினை ‘ஃபீ’ என்னும் சொல்லோடு சேர்ந்தால் விரும்புதலையும், ‘அன்’ என்னும் சொல்லோடு சேர்ந்தால் வெறுத்து விலகுதலையும் குறிக்கும்.

காலம் காட்டுவதிலும் ஒப்புமை உண்டு. ‘மேற்கொண்டான்’ என்பதில் ‘கொள்’ மட்டுமே திரிவதுபோல, ‘டுக் ஆஃப்’ என்பதில் ‘டேக்’ மட்டுமே திரிகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. காலணியைச் சுட்டிக் கூறுங்கால் ‘டேக் இட் ஆஃப்’ எனச் சுட்டுப்பெயரை இடையில் வைத்தல் வேண்டும். ‘டேக் ஆஃப் இட்’ என்பது வழுவாகும். ‘டேக் ஆஃப்டர்’ என்பதோ இவ்வாறு பிரியாது. ‘டேக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே முறை.

ஆகவே, மாணவர்காள்! பட்டியலிட்டு மனனம் செய்வதை விடுத்து, ஒவ்வொரு கூட்டுவினையையும் ஒரே சொல்லாகக் கருதி, முழு வாக்கியத்தோடு பயிலுங்கள். தாய்மொழி இலக்கணத்தைத் தெளிவுறக் கற்றவர்க்குப் பிறமொழி இலக்கணம் அச்சம் தருவதில்லை.