தாசில்தார் மேல் புகார், விசாரணையும் தாசில்தாரிடமே

திங்கட்கிழமை காலையில் தாடிக்கொம்பு வழியாகத் திண்டுக்கல் போகும் பஸ்களில், மடியில் பாலித்தீன் பையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். பைக்குள் பட்டா நகல், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மனு. கலெக்டர் ஆபீசில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் கதை கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ‘ஐயா’ என்ற விளி, கடைசியில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. உள்ளே போனால் கணினியில் பதிவு, எண் போட்ட ஒரு சீட்டு. கலெக்டர் மனுவை வாங்கிப் படித்து, பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் நீட்டுவார். அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும்.

அந்த ‘சம்பந்தப்பட்ட துறை’ எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சர்வேயர் அளக்க வரவில்லை என்று மனு கொடுத்தால், அது சுற்றிவந்து சேரும் இடம் பெரும்பாலும் அந்த சர்வேயர் வேலை பார்க்கும் அலுவலகம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்தச் சுற்று ஓயவில்லை.

கலெக்டர் அலுவலக வளாகத்துக்கு வேலுநாச்சியார் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். 1772-இல் காளையார்கோயில் போரில் கணவரான சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை இழந்த பிறகு, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டுக் காத்திருந்தவர் அவர். சிவகங்கையை மீட்க 1780 வரை ஆனது. ராணிக்கே அத்தனை வருடம் என்றால் குடியானவனுக்கு?

திண்டுக்கல் 1790-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை அதை உறுதிப்படுத்தியது. கலெக்டர் வந்தார், கச்சேரி என்ற அலுவலகம் வந்தது, அதோடு மனுவுக்கு அன்றைய பெயரான அர்ஜியும் வந்தது. வரி அதிகம், வாய்க்காலை மறித்துவிட்டார்கள், பட்டாவில் பேர் மாறிவிட்டது என்று எதற்கும் அர்ஜிதான். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊரில் எழுதிக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் கர்ணம். நிலக் கணக்கு முழுவதும் அவர் கையில். கணக்கில் புரட்டு என்று புகார் செய்ய வேண்டுமானால் அதை அவரையே எழுதச் சொல்ல முடியாது. டவுனில் இருக்கும் அர்ஜி எழுதுபவரைத் தேடிப் போக வேண்டும், முத்திரைத் தாளுக்குக் காசு கொடுக்க வேண்டும், பிறகு கலெக்டர் எந்த ஊரில் முகாம் போட்டிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். உழவு நாளில் இதற்கெல்லாம் யாரால் முடியும்?

முடிந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. 1816-ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்தில் போலீஸ் அதிகாரத்தையும் தாசில்தார் கையில் கொடுத்தது. வரி வசூலிப்பவரும் அவர், திருடனைப் பிடிப்பவரும் அவர். வரிக்காக ஒருவரை அடித்தால் அதை விசாரிக்க வேண்டியவரும் அவரேதான். கலெக்டர் துரைக்கு ஒரு மாவட்டம் முழுவதும் பொறுப்பு, தமிழில் எழுதிய அர்ஜியைத் தலைமை எழுத்தரான சிரஸ்தாரோ குமாஸ்தாவோ படித்துச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ‘தாசில்தார் விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்று ஒரு வரி எழுதினால் தாள் வந்த வழியே திரும்பிவிடும். அடித்தவர் கைக்கே அடிபட்டவரின் பெயரும் ஊரும் எழுத்தில் போய்ச் சேரும்.

கலெக்டருக்கும் குடிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூர் காட்டியது. அங்கே வில்லியம் காரோ கலெக்டராக இருந்த காலத்தில் கஜானாவைப் பார்த்துக்கொண்டவர் காசிச் செட்டி. கலெக்டர் அவரை முழுவதும் நம்பினார். பெரும் தொகை கையாடல் ஆனது, காரோவின் காலம் முடியும்வரை அது வெளியே வரவில்லை. 1816-இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்தபோதுதான் முழு அளவும் தெரிந்தது. மன்றோ கவர்னரான பிறகு, 1822-இல், கீழ் அதிகாரிகளின் லஞ்சத்தையும் கையாடலையும் தண்டிக்கக் கலெக்டர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்தது. தாசில்தாரின் இரட்டை அதிகாரத்தில் மட்டும் அது கை வைக்கவில்லை.

அதற்கு இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. பூட்டை உடைத்தது சென்னையில் பிறந்த ஒரு சங்கம். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், கலெக்டர், ரெவின்யூ போர்டு, கவர்னர் என்ற படிகளையெல்லாம் தாண்டி லண்டன் பார்லிமெண்டுக்கே மனு அனுப்பியது. வரிக்காகக் குடிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கிருந்து டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் 1853-இல் நேரில் வந்து, செட்டியாரோடு மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பிப் போனவர் சபையில் எழுந்து பேசினார். 1854 ஜூலையில் அங்கே நடந்த விவாதத்தின் சூட்டில், செப்டம்பரில் சென்னையில் ஒரு கமிஷன் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர்.

கமிஷன் உட்கார்ந்த இடம் சென்னை. மாகாணமோ ஒரிசா எல்லையிலிருந்து திருநெல்வேலி வரை நீண்டு கிடந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-இல், திண்டுக்கல் வழியாக ரயில் போனது 1875-இல். அப்படியும் 519 பேர் நேரில் வந்து நின்றார்கள். 1,440 பேரின் புகார் கடிதத்தில் வந்தது. மொத்தம் 1,959. அரையணாத் தபால்தலையை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு அமலுக்கு வந்ததும் அதே 1854 அக்டோபரில்தான். தாலுகா கச்சேரி வாசலை மிதிக்காமல் புகார் சொல்ல ஒரு வழி திறந்த நேரமும், அதைப் படிக்க ஆள் உட்கார்ந்த நேரமும் ஒன்றாக அமைந்தன.

வந்த புகார்களில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப இருந்தன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரலையோ தொடையையோ காதையோ வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்றால் ஆளைக் குனியவைத்து, தலையைக் கால் கட்டைவிரலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. இத்தனையும் பல இடங்களில் சில ரூபாய்ப் பாக்கிக்காக. அடித்தவர்கள் சேவகர்கள், தலையாரிகள். ஏவியவர்கள் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை முடிந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடப்பது உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. குடிகள் ஏன் முன்பே கலெக்டரிடம் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அதில் பதில் இருந்தது: தூரம், செலவு, பயம், மனு எங்கே போகும் என்று தெரிந்திருந்த அனுபவம். வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று கமிஷன் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு, குடிகளுக்கு நியாயம் கிடைக்கும் வழியே அடைபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். சென்னை மாகாணத்துக் குடிகள் சொன்ன வலி அமெரிக்கப் பத்திரிகை வரை போனது.

பலன்? 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் போலீஸைத் தாசில்தாரிடமிருந்து பிரித்துத் தனித்துறை ஆக்கியது. சென்னை மாகாணத்தில் மனுக்களால் கிடைத்த மிகப் பெரிய வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். மனுக்கள் தாசில்தாருக்குத் திரும்பாத அந்தத் தடவை, அமைப்பே மாறியது.

புகாருக்கு ஆளானவரிடமே மனு திரும்பிப் போவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அதே நூற்றாண்டில் இன்னொரு ஆங்கிலேய ஆட்சிப் பகுதியான அயர்லாந்திலும் மனுக்கள் குவிந்தன. வேலை கேட்டு, குத்தகை நிலத்திலிருந்து துரத்தாதே என்று கேட்டு, சிறையில் இருக்கும் கணவனை விடச் சொல்லி, பஞ்சத்தில் கஞ்சிக்கு வழி கேட்டு, டப்ளின் கோட்டையில் இருந்த தலைமைச் செயலர் அலுவலகத்துக்கு அவை போயின. 1818 முதல் அந்த அலுவலகம் ஒவ்வொன்றையும் பதிவு செய்து எண் போட்டு வைத்தது. அங்கும் பாதை இதேதான். மனு வந்தால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் அறிக்கை கேட்பார்கள். பல ஊர்களில் மாஜிஸ்திரேட்டே நிலச்சுவான்தார். கைதியின் கருணை மனு என்றால் தண்டனை கொடுத்த நீதிபதியிடமே கருத்துக் கேட்டு அனுப்புவார்கள். மனு பலிக்காத இடத்தில் வேறு கடிதங்கள் கிளம்பின. 1820-களில் ‘கேப்டன் ராக்’ என்ற கற்பனைப் பெயரில் நிலச்சுவான்தார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. நம் ஊர் மொட்டைக் கடுதாசிக்கு அது ஒரு மூர்க்கமான அண்ணன். 1922 ஜூன் கடைசியில் டப்ளினின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்து சாம்பலானது. கோட்டையில் தனியே கிடந்த மனுக்கள் தப்பின. அதனால் ஐரிஷ் ஏழைகள் என்ன கேட்டார்கள் என்பதை இன்று டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் படிக்க முடிகிறது.

மனுவை ஒற்றை ஆளின் கெஞ்சலாகவே நினைத்துக்கொள்வது தவறு என்று காட்டியவர் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்து, அது நடந்தால் பதவிகள் எல்லாம் மேல்சாதியார் கைக்கே போகும் என்ற அச்சத்தோடு, 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். மனுவின் நீளம் 112 அடி, கையெழுத்து 3,412. அதற்கு முந்தைய ஆண்டில்தான், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்திருந்தது. அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்டுத் தரச் சொல்லும் மனுக்கள் இன்றும் கலெக்டர் அலுவலகங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

கர்ணம் பதவியை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஜமாபந்தி மட்டும் இன்றும் ஜமாபந்திதான். பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதற்கு முன், தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாட்களில் மக்கள் மனு கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். 2021-க்குப் பிறகு ‘முதல்வரின் முகவரி’, ‘மக்களுடன் முதல்வர்’ என்று புதிய வாசல்களும் திறந்தன. கைபேசியிலேயே மனுவைப் பதியலாம்.

வாசல்கள் பெருகியது நல்லதுதான். ஆனால் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததை யாரும் மறந்துவிடக் கூடாது. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்துப் பயனில்லாமல் போன ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள் உட்பட, குறைதீர்க்கும் நாளன்று அங்கே தீயில் மாண்டது. இப்போது திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலக வாசல்களில் போலீஸார் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சோதிக்கத்தான் வேண்டும். அதே கவனத்தோடு, மூன்றாவது முறையாக அதே மனுவோடு வருபவரை நிறுத்தி, முதல் இரண்டும் யார் மேஜையில் கிடக்கின்றன என்று பார்ப்பது அதைவிட அவசரம். முந்தைய எண்கள் கணினியிலேயே இருக்கின்றன.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட அரசாணை எண் 99, மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் சொல்கிறது. நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில், என் மனு எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது, எந்தப் பதவியில் இருப்பவரிடம் இருக்கிறது, கோப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்கலாம், பக்கக் கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரிக்குத்தான் போகும், அதில் பழைய சுற்றின் நிழல் இருக்கிறது. இரண்டாவது மேல்முறையீடு துறைக்கு வெளியே, சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும், தபாலில் அனுப்பினால் போதும்.