‘ஒன்லி டு’ என்றால் ‘அதற்காக மட்டும்’ இல்லை! ஆங்கிலத்தில் நோக்கமா, விளைவா என்று காட்டிக்கொடுக்கும் குட்டிச் சொற்கள்

‘ஹீ லாக்டு த கேட் ஸோ தட் நோபடி வுட் லீவ்.’
‘ஹீ லாக்டு த கேட், ஸோ நோபடி லெஃப்ட்.’

காதில் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், முதல் வாக்கியத்தில் இருப்பவர் யாரும் வெளியே போய்விடக் கூடாது என்று திட்டமிட்டே கேட்டைப் பூட்டியிருக்கிறார். இரண்டாவதில் இருப்பவர் வழக்கம்போல் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதனால் யாரும் வெளியே போகவில்லை, அவ்வளவுதான். உள்ளே ஏதாவது அசம்பாவிதம் நடந்திருந்தால் முதல் ஆள்மீது வழக்கு பாயும். இரண்டாவது ஆள் பாவம், வெறும் வாட்ச்மேனாகக்கூட இருக்கலாம்.

ஒரு செயலை ‘எதற்காக’ செய்தார் என்பது நோக்கம். அதைச் செய்ததால் ‘என்ன ஆச்சு’ என்பது விளைவு. வாழ்க்கையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆங்கிலமோ பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே சட்டையைத்தான் மாட்டிவிடுகிறது. ‘ஸோ தட்’ இரண்டு வேலையையும் பார்க்கும். ‘டு’ போட்டு வரும் வினைச்சொல்லும் அப்படியே. அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் நிற்கும் அட்வெர்ப், அதாவது வினையடைதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ‘ஸோ தட்’

நோக்கம் என்பது இன்னும் நடக்காத விஷயம். அதனால் நோக்கம் சொல்லும் துணை வாக்கியத்தில் ‘கேன்’, ‘குட்’, ‘வில்’, ‘வுட்’, ‘மைட்’ போன்ற துணை வினை ஒன்று பொதுவாக வந்து உட்காரும். விளைவு நடந்து முடிந்த விஷயம். அதற்கு இந்தத் துணை தேவையில்லை. ‘ஸோ தட் நோபடி வுட் லீவ்’ என்றால் திட்டம். ‘ஸோ தட் நோபடி லெஃப்ட்’ என்றால் நடந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. நோக்கத்தைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைக்கலாம். ‘ஸோ தட் நோபடி வுட் லீவ், ஹீ லாக்டு த கேட்’ என்பது சரியான ஆங்கிலம். விளைவை அப்படி முன்னால் கொண்டுவர முடியாது. வண்டிக்கு முன்னால் மாடு வரலாம், மாட்டுக்கு முன்னால் வண்டி வருமா?

கமாவும் ஒரு துப்புதான். விளைவுக்கு முன்னால் கமா வரும், நோக்கத்துக்கு முன்னால் பெரும்பாலும் வராது. ஆனால், வாட்ஸ்அப் காலத்தில் கமாவை நம்பி ஒரு முடிவுக்கு வருவது ரிஸ்க். ‘குட்’ என்ற சொல்லும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. ‘முடியக் கூடாது என்பதற்காக’ என்ற இடத்திலும் வரும், ‘முடியவில்லை’ என்ற இடத்திலும் வரும்.

உள்ளே நுழையும் வினையடை

குழப்பம் தீர்வது இங்கேதான். ‘ஸோ தட்’டுக்கு முன்னால் ‘ஜஸ்ட்’, ‘ஒன்லி’, ‘சிம்ப்ளி’, ‘மெயின்லி’, ‘பார்ட்லி’, ‘ப்ரிசைஸ்லி’ இவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ‘ஹீ லாக்டு த கேட் ஜஸ்ட் ஸோ தட் நோபடி குட் லீவ்.’ இப்போது சந்தேகத்துக்கே இடமில்லை. இது நோக்கம்தான்.

காரணம் எளிது. ‘எதுக்குப் பூட்டினே?’ என்ற கேள்விக்குப் பல பதில்கள் இருக்கலாம். திருட்டு பயம், நாய்த் தொல்லை, யாரும் போய்விடக் கூடாது என்ற எண்ணம். அந்தப் பல பதில்களில் ஒன்றைத் தொட்டு ‘முக்கியமாக இது’, ‘ஓரளவு இது’, ‘இது மட்டும்தான்’ என்று சொல்வதுதான் இந்த வினையடைகளின் வேலை. விளைவு அப்படிப் பொறுக்கி எடுக்கும் பொருள் இல்லை. அது பாட்டுக்கு நடந்தது.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ஒன்று இருக்கிறது. ‘அன்ஃபார்ச்சுனேட்லி’, ‘லக்கிலி’, ‘இனெவிடப்ளி’ போன்றவை. ‘த பவர் வென்ட் ஆஃப், ஸோ தட், அன்ஃபார்ச்சுனேட்லி, நோபடி ஹெர்ட் த அலாரம்.’ கரண்ட் போனது; துரதிர்ஷ்டவசமாக, அலாரம் யாருக்கும் கேட்கவில்லை. நடந்த ஒன்றைப் பார்த்துத்தான் ‘அடடா’ என்றோ ‘நல்லவேளை’ என்றோ சொல்ல முடியும். எனவே இந்த வகை வினையடை உள்ளே வந்தால் அது விளைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

வினையடைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை, வாக்கியத்துக்குள் அவை நடந்துகொள்ளும் விதத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சிட்னி கிரீன்பாம். ஆங்கில வினையடைப் பயன்பாடு பற்றிய அவரது நூல் 1969-ல் வந்தது. பின்னர் ராண்டால்ஃப் குவிர்க், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய மாபெரும் ஆங்கில இலக்கணம் 1985-ல் வெளியானது. 1,700 பக்கங்களைத் தாண்டும் அந்தப் புத்தகம் இன்றும் மொழியியல் மாணவர்களின் மேஜையில் தலையணை கனத்தில் கிடக்கிறது.

ஒரு சொல் இடம் மாறினால்?

‘ஹீ ஸ்போக் கொயட்லி ஸோ தட் நோபடி வுட் ஹியர்.’ யாருக்கும் கேட்கக் கூடாது என்று மெதுவாகப் பேசினார். ரகசியம்!

‘ஹீ ஸ்போக் ஸோ கொயட்லி தட் நோபடி ஹெர்ட்.’ அவர் பேசிய சத்தம் யாருக்குமே கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது. ஒருவேளை தொண்டை கட்டியிருக்கலாம்.

‘ஸோ’ வினையடைக்குப் பின்னால் நின்றபோது நோக்கம். முன்னால் வந்து ‘தட்’டை விட்டுப் பிரிந்ததும் அளவும் விளைவும். தமிழில் ‘அளவுக்கு’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் அது இரண்டாவது வகை.

‘டெலிபரேட்லி’ விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ‘ஹீ டெலிபரேட்லி லெஃப்ட் த டோர் ஓபன், ஸோ த டாக் காட் அவுட்.’ வேண்டுமென்றே செய்தது கதவைத் திறந்து வைத்ததை மட்டும்தான். காற்று வரட்டும் என்று திறந்திருக்கலாம். நாய் ஓடியதை அவர் கணக்கில் எழுத இந்த வாக்கியம் இடம் கொடுக்கவில்லை.

அதிகம் ஏமாற்றுவது ‘ஒன்லி டு’

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது அதிகம் சறுக்கும் இடம் இது. ‘ஹீ ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் தட் த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ சொல்லுக்குச் சொல் போட்டால் ‘ரயில் போய்விட்டதைக் காண்பதற்காக மட்டுமே ஸ்டேஷனுக்கு ஓடினார்’ என்று வரும். ரயிலைத் தவறவிட யாராவது மூச்சிரைக்க ஓடுவார்களா?

இங்கே ‘டு’ நோக்கம் அல்ல. நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்ற ஏமாற்றத்தைச் சொல்லும் விளைவு. அந்த ஏமாற்றத்தைச் சுமந்து வருவது ‘ஒன்லி’. தமிழில் இதற்கு அருமையான வழி ஏற்கெனவே இருக்கிறது: ‘ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ரயில் போயிருந்தது.’ ‘ஆசையாக ஹோட்டலுக்குப் போனால், கடை பூட்டியிருக்கிறது’ என்று தினமும் பேசுகிறோமே, அதே ‘ஆல்’தான். ‘கடைசியில் பார்த்தால்’ என்றாலும் வேலை முடிந்தது.

ஆனால் ‘ஹீ கேம் ஒன்லி டு சீ ஹிஸ் மதர்’ என்றால் உண்மையிலேயே அம்மாவைப் பார்க்க மட்டும்தான் வந்தார். எப்படிப் பிரிப்பது? பின்னால் வரும் வினையைப் பாருங்கள். ‘ஃபைண்ட்’, ‘டிஸ்கவர்’, ‘ரியலைஸ்’, ‘லூஸ்’, ‘பீ டோல்டு’ மாதிரி யாரும் திட்டம்போட்டுச் செய்யாத காரியம் என்றால் விளைவு.

சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். அதுதான் ஆபத்து. ‘த ஆபீசர் சேஞ்ச்டு த ரூல், ஒன்லி டு ஆங்கர் த ஃபார்மர்ஸ்’ என்று ஒரு வரி வந்தால், விதியை மாற்றினார், அது விவசாயிகளின் கோபத்தில் போய் முடிந்தது என்று பொருள். ‘விவசாயிகளைக் கோபப்படுத்தவே விதியை மாற்றினார்’ என்று தமிழில் போனால் அந்த அதிகாரிமீது ஆதாரமில்லாத குற்றச்சாட்டைச் சுமத்தியாகிவிட்டது. மூலத்தில் இல்லாத உள்நோக்கம், ஒரு ‘வே’யில் உள்ளே நுழைந்துவிடுகிறது.

‘நெவர் டு’வும் இதன் சகோதரன்தான். டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 10 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டது, ‘நெவர் டு அரைவ்’. போய்ச் சேரவே கூடாது என்று கிளம்பியதாக யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். கிளம்பியது, போய்ச் சேரவே இல்லை. ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கியது. ஆனால் ‘ஹீ லெஃப்ட் ஹோம், நெவர் டு ரிட்டர்ன்’ என்று ஒரு மனிதரைப் பற்றி வரும்போது, ‘இனி திரும்பக் கூடாது என்று வீட்டை விட்டுப் போனார்’ என எழுதத் தோன்றும். அவர் சாயங்காலம் வந்துவிடலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். ‘போனவர் திரும்பவே இல்லை’ என்பதுதான் பொருத்தம்.

சட்டத்தில் வந்தால்?

விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பிரிவு, தாறுமாறாக வாகனம் ஓட்டுவது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. அதன் ஆங்கில வாசகம் ‘ஸோ... அஸ் டு’ என்ற அமைப்பில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் ‘அளவுக்கு’ முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவது என்று பொருள். ‘ஸோ’வுக்கும் ‘அஸ் டு’வுக்கும் நடுவே ‘ராஷ்’, ‘நெக்லிஜெண்ட்’ என்ற சொற்கள் நிற்பதால் இது அளவு. யாரையும் கொல்லும் எண்ணம் ஓட்டியவருக்கு இருக்க வேண்டியதில்லை. அதிகபட்சத் தண்டனை 6 மாதச் சிறை.

இதே சொற்கள் ஒட்டி நின்று ‘ஸோ அஸ் டு’ ஆகிவிட்டால் பெரும்பாலும் நோக்கம். ‘ஆபத்து விளைவிப்பதற்காக ஓட்டினார்’ என்று ஆகிவிடும். உயிரைப் பறிக்கும் நோக்கத்தோடு ஒருவர் வண்டியை ஏற்றினார் என்பது கொலைக் குற்றம் வரை போகும் விவகாரம். அதற்கான தண்டனை ஆயுள் அல்லது மரணம்.

தமிழ் மட்டும் தப்பியதா?

முழுசாக இல்லை. ‘எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்’ என்கிறோம். கேட்க வேண்டும் என்று பேசினாரா, பேசியது கேட்டதா? ‘படி’ வாயைத் திறக்காது. ‘வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கும்படி’ என்று ஒரு வினையடை வந்தால்தான் விஷயம் வெளியே வரும்.

தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். ‘செய’ என்ற வாய்பாட்டு எச்சத்துக்கு அவர்கள் சொல்லும் உதாரணங்கள் பிரபலம். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் பெய்தது காரணம். ‘நெல் விளைய மழை பெய்தது’ என்றால் விளைவது காரியம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் இரண்டுமே இல்லை. சூரியன் மறையும் நேரத்தில் ஆள் வந்தான், அவ்வளவுதான். மூன்றிலும் எச்சத்தின் வடிவம் ஒன்றே. நெல்லுக்கும் மழைக்கும் என்ன உறவு என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அங்கே குழப்பமில்லை. கேட்டைப் பூட்டிய ஆளைப் பற்றி அப்படி எதுவும் நமக்கு முன்பே தெரியாது.