ஏர்கோன் குடிக்கும் எண்ணெய்: பாலத்து வரிசையிலும் பட்டறையிலும்

விடியற்காலை நாலரைக்கு ஸ்கூடாயிலிருந்து கிளம்பினால், சுல்தான் இஸ்கண்டார் குடிநுழைவுக் கட்டடத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடுகிறது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும், ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலத்தை மாலையில் கடந்து வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகலாம். விடுமுறை நாட்களில் மூன்று மணி நேரமும் ஆகலாம். அவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடுகிறது, ஏர்கோனும் ஓடுகிறது. கார் நகராமலே எண்ணெய் முள் இறங்குகிறது.

ஏர்கோனை அணைத்துவிட்டு வியர்வையில் ஓட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜொகூர் வெக்கையில், பிள்ளைகளும் வயதானவர்களும் உட்கார்ந்திருக்கும் காரில் அது ஆகாத யோசனை. ஏர்கோனுக்காக எரியும் எண்ணெயில் எது வெயிலுக்கான செலவு, எது நம் அறியாமைக்கும் பிறர் ஏமாற்றுக்கும் கட்டும் தண்டம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

சாதாரணப் பெட்ரோல் காரில் ஏர்கோனின் கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின்தான், ஒரு பெல்ட் வழியாக. விசிறியைக் கூட்டி வைப்பதால் ஆகும் செலவு சொற்பம்; கம்ப்ரசர் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்பதே கணக்கு. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏர்கோன் ஒரு காரின் எரிபொருள் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கக்கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெயிலில் நின்று கொதிக்கும் காரைக் குளிரவைக்க முதல் சில நிமிடங்கள் கம்ப்ரசர் முழு மூச்சோடு ஓட வேண்டியிருக்கிறது. மாசாயில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் வருபவருக்கு அந்தச் சில நிமிடங்களே மொத்தப் பயணம்.

அதனால் கதவுகளைத் திறந்து அனலை வெளியேற்றிவிட்டு ஏறுங்கள். ஓரிரு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டிய பிறகு ஏர்கோனைப் போடுங்கள். காரை நிறுத்தி வைத்துக் குளிரவிடுவது வீண். பெரும்பாலான கார்கள் ஓடும்போதுதான் விரைவாகக் குளிரும். கண்ணாடிக்கு டின்டட் ஒட்டுவதும் உதவும், ஆனால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் வரம்பைப் பாருங்கள்: 2019 மே மாதம் முதல் முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கண்ணாடியைத் திறந்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே கண்ணாடியை ஏற்றி ஏர்கோன் போடுவதே சரி.

பாலத்து வரிசைக்கு வருவோம். நின்றபடி ஏர்கோனோடு ஓடும் சிறிய கார் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 22 முதல் 44 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 பெட்ரோல் மானியத் திட்டம் அறிமுகமானபோது மானிய விலை, லிட்டருக்கு 1.99 வெள்ளி, ஒருவருக்கு மாதம் 300 லிட்டர். அந்த ஒதுக்கீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சக்கரம் உருளாமலே கரைகிறது. வரிசையில் இருக்கும்போது உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்துங்கள். கம்ப்ரசரின் சுமை குறையும், முன்னால் நிற்கும் லாரியின் புகையும் உள்ளே வராது. இடையிடையே கொஞ்சம் வெளிக்காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் வரும். அக்கரையில் ஆளுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். போக்குவரத்து நெரிசல் அல்லாத காரணத்துக்காக நின்ற காரில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்.

இன்னொன்றை எண்ணெய்க் கணக்கில் சேர்க்க முடியாது. இரவு வேலை முடிந்த களைப்பில், ஏர்கோனைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே கண்ணயர்பவர்கள் நம்மில் நிறைய. 2020 நவம்பரில் பினாங்கு மாநிலத்தில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்ற காருக்குள் நான்கு இளம்பெண்கள் மயங்கிக் கிடந்தார்கள், மூவர் இறந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. அந்த நச்சுவாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாயில் ஓட்டையோ கசிவோ இருந்தால், நின்ற காருக்குள் அது சேரும். தூங்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். எண்ணெய் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே விட்டுப் போவதோ அதைவிடக் கொடுமை. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

கார் வாங்கும்போது காட்டுகிறார்களே, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று, அந்த எண்ணிலும் ஏர்கோன் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவின் பழைய சோதனை முறையிலும் புதிய முறையிலும் ஏர்கோனை அணைத்துவிட்டுத்தான் அளக்கிறார்கள். அமெரிக்காவிலோ, 2008ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏர்கோன் ஓடும் சோதனையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆண்டு முழுக்க ஏர்கோன் இல்லாமல் யாரும் ஓட்டாத நம் ஊருக்கு எந்தக் கணக்கு பொருந்தும்? எந்தச் சோதனை முறையில் வந்த எண், ஏர்கோன் போட்டா போடாமலா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதிகம் ஏமாறும் இடம் பட்டறை. என் காரில் ஓராண்டுக்குள் மூன்று முறை ஒரே வசனம்: "கேஸ் குறைஞ்சிருக்கு அண்ணே, டாப்-அப் பண்ணிடலாம்." மூன்று முறையும் பணம் கொடுத்தேன். பெட்ரோல்போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல ஏர்கோன் கேஸ். மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. சில மாதங்களில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில வாரம் குளிரும். பிறகு கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடி, குளிரையும் தராமல் எண்ணெயையும் தின்னும். கசிந்த கேஸ் வானத்துக்குப் போகிறது. ஆர்134ஏ என்னும் ஏர்கோன் கேஸ் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

எனவே முதலில் கசிவுச் சோதனை கேளுங்கள். கேஸ் சிலிண்டரைக் கண்ணால் பாருங்கள். போலி ஆர்134ஏ கலந்த கப்பல் குளிர்பெட்டகங்கள் 2011இல் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததுண்டு. வேலை தொடங்குமுன் விலை மதிப்பீடு, கழற்றிய பழைய பாகம், செய்த வேலையை விவரித்த ரசீது, மூன்றையும் வாங்குங்கள்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். விலையை முன்பே பேசாவிட்டால் நியாயமான விலையே வாங்க வேண்டும். மீறினால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் மனு போட வேண்டும். சொந்த, வீட்டு உபயோகத்துக்கான பொருளுக்கும் சேவைக்கும்தான் இந்த வழி. காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் மனு போடுமுன் தங்களுக்கு இது பொருந்துமா என்று அமைச்சின் ஜொகூர் பாரு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். மன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, பட்டறைக்காரர் 14 நாளுக்குள் தரவில்லையென்றால், அது குற்றம்.